நடந்தால் போதும் என்றீர்கள்

பாய்,

இன்று காலை உங்கள் மகள் பாலக்கரையிலிருந்து ஆட்டோவில் வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பாடம் எடுக்க நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குள்கூட வரவில்லை. "மாமா, ஆபரேஷன் பண்ணிக்கப் போறீங்களாமே. இது உதவும்னு அம்மா கொடுத்து விட்டாங்க," என்றாள். பிரித்துப் பார்த்தால் அந்தத் தலையணை. இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு நீங்கள் வீடு திரும்பியபோது, தூக்கத்தில் கால்மேல் கால் போட்டுவிடாமல் இருக்க நடுவில் வைத்துக்கொள்வதற்காக உங்கள் வீட்டம்மா இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தது.

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். ஓரங்களில் வலித் தைலத்தின் வாசனை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில், கை அகலத்துக்கு, அத்தர் வாசனை அடிக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் காதோரம் தடவிக்கொண்டு வருவீர்களே, பஸ்ஸின் பாதி தூரம் மணக்குமே, அதே அத்தர். கால்களுக்கு நடுவே கிடந்த தலையணைக்கு யார் அத்தர் பூசினார்கள்? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்குப் பிடிபடாதது இது ஒன்று மட்டுமல்ல.

திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால், இன்று சாயங்காலம், டாக்டரைப் பார்த்து சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும். உங்களுக்கு மூட்டு வைத்த அதே டாக்டர்தான். உங்களைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நீங்கள் என்னடாவென்றால் மழைக்காலத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. இப்போது யாரைக் கேட்பது? அதனால்தான் இந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்களிடமே பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரே டவுன் பஸ்ஸில் எத்தனையோ வருஷம். உங்கள் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை, முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். நீங்களும் என் விசிலைத்தான் கேட்டிருக்கிறீர்கள். வைகுண்ட ஏகாதசி நெரிசலிலும் நான் கம்பியைப் பிடித்து நின்றது கிடையாது. இரண்டு கையும் டிக்கெட்டுக்கும் காசுப்பைக்கும் வேண்டும். அதனால் இடுப்பைச் சீட்டின் முனையில் சாய்த்து நிற்பேன். நீங்கள் வளைக்கும்போது நானும் வளைவேன், பிரேக் போடும்போது பின்னால் சரிவேன். புதிதாக வந்த டிரைவர்களின் வண்டியில் நான் தடுமாறியிருக்கிறேன், உங்கள் வண்டியில் ஒருநாளும் தடுமாறியதில்லை. அந்த இடுப்புதான் இப்போது போய்விட்டது. ரிட்டயர் ஆனவர்களுக்கு இலவசப் பாஸ் இருக்கிறது, பஸ்ஸின் படியில் ஏற முடியவில்லை. டவுன் பஸ்ஸின் முதல் படியை யார் இவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கோபம் வருகிறது.

உங்களுக்குப் போனது இடது பக்கம். கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று மூட்டின் பந்து நசுங்கிவிட்டது, கிளட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாக விளக்கினார். "சரிங்க டாக்டர்," என்றீர்கள். வெளியே வந்ததும், "கிளட்சுதான் கண்டக்டரே, அவருக்கு என்ன தெரியும், அவர் டவுன் பஸ் ஓட்டினதில்ல," என்றீர்கள்.

அந்த அறையில் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்க பாய்?" நல்ல கேள்வி. நிதானமாகத்தான் கேட்டார். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, "நடந்தா போதும் டாக்டர்," என்றீர்கள். பக்கத்தில் இருந்த நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நம் ஊரில் பெரியவர்கள் முன்னால் வேறு எப்படிப் பேசுவது? கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்றால் இலையை மறைத்துக்கொண்டு போதும் போதும் என்கிற ஆட்கள் நாம். ஆசைப்பட்டதில் பாதியைச் சொல்வதுதான் மரியாதை. மீதியை எதிரில் இருப்பவர் தானே புரிந்துகொண்டு பரிமாற வேண்டும். டாக்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. நடந்தால் போதும் என்று எழுதிக்கொண்டார்.

வலி போய்விட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்றுதான் நீங்களும் நினைத்தீர்கள். ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் வந்து, தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, ரொம்பக் குனியக் கூடாது என்று விரல்விட்டுச் சொன்னாள். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினீர்கள். கடைசியில் மட்டும் உங்கள் முகம் ஒருமாதிரி ஆனதைப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு உங்களைப் பள்ளிவாசலுக்கு நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். உங்கள் கைத்தடியையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே வரிசையின் கடைசியில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றபோது உங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாகத் தரையில் நெற்றியை வைத்தார்கள். மொத்தக் கூடத்திலும் உங்கள் தலை மட்டும் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி லேசாகக் குனிந்திருந்தீர்கள். பஸ்ஸில் டிரைவர் சீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் உங்கள் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். இது வேறு முதுகாக இருந்தது.

வெளியே வந்து, "டீ சாப்பிடலாமா கண்டக்டரே," என்று சிரித்தீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "நாற்காலி சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "நாற்காலியில தொழுதாலும் அதே நன்மைதான்னு பள்ளிவாசல் ஹஜரத் சொல்லிட்டார். முடியாதவங்களுக்கு மார்க்கத்துல கஷ்டம் இல்ல," என்றீர்கள். டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "மனசுதான் கேக்க மாட்டேங்குது," என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு டீயில் சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனீர்கள்.

சரி, இவருக்கு ஆபரேஷனில் திருப்தி இல்லை என்று நான் முடிவு கட்டினேன். அந்த முடிவும் நிலைக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை, கதவைத் தட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். கையில் தடி இல்லை. "பஸ்ஸில வரல. சத்திரத்திலேர்ந்து நடந்து வந்தேன்," என்றீர்கள். என் வீட்டுக்காரி பதறிப்போய் நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. "கண்டக்டரே, இந்தப் பாலத்துல எத்தனை ஆயிரம் தடவ ஓட்டியிருப்பேன். ஆத்தைப் பாத்ததே இல்ல. ஓட்டுறவன் ரோட்டைத்தானே பாக்கணும். இன்னிக்குத்தான் நின்னு பாத்தேன். ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது," என்றீர்கள். என் வீட்டுக்காரி, "ஆபரேஷன் நல்லதுதானாண்ணே?" என்று கேட்டதற்கு, "புது வண்டி தங்கச்சி," என்றீர்கள். அவள் அன்றிலிருந்து என்னைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கே, திரும்பிப் போக அம்மா மண்டபம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது நீங்கள் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. "இவ்வளவு தூரம் நடக்க முடியுது. ஒரு முழம் கீழ போக முடியல," என்றீர்கள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்கு இடிக்கிறது என்பதுபோலச் சொன்னீர்கள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நீங்கள் படியில் சுலபமாக ஏறிப் போனீர்கள். நான் கீழே நின்று உங்கள் புது இடுப்பைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே வலி ஆரம்பித்திருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருநாள் உங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நீங்கள் எப்போதும் போல் ஸ்பீக்கரில் போட்டீர்கள். வலி இருக்கிறதா, படி ஏறுகிறீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஆபரேஷன்ல உங்களுக்குத் திருப்திங்களா ஐயா?" என்றாள். "அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப திருப்திம்மா," என்றீர்கள். போனை வைத்ததும் நான் விடவில்லை. "உண்மையைச் சொல்லுங்க பாய், திருப்தியா இல்லையா?" "நான் கேட்டது கிடைச்சிருச்சு. கேக்காதது கிடைக்கலன்னு யாருகிட்டப் போய்க் கோவிச்சுக்கிறது?" என்றீர்கள். இது திருப்தியா, குறையா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

என் இடுப்பைப் பற்றி யோசனை கேட்டால் அதைவிட மோசம். ஒரு வாரம், "எதுக்கு நொண்டிக்கிட்டுத் திரியிறீங்க, போய்ப் பண்ணிக்குங்க," என்பீர்கள். அடுத்த வாரம், "ஓடுற வரைக்கும் ஓட்டுங்க கண்டக்டரே, எதுக்கு அவசரம்," என்பீர்கள். வலப்பக்கம் கையைக் காட்டிவிட்டு இடப்பக்கம் திருப்புகிற ஆட்டோக்காரர்களை எவ்வளவு திட்டியிருப்பீர்கள். நீங்கள் எனக்குச் செய்தது அதுதான். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது பாய்.

உங்களை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசலில் ஓரமாக நின்றிருந்தேன். உங்களுக்கான தொழுகையில் எல்லோரும் நின்றபடியே இருந்தார்கள். யாரும் குனியவில்லை, தரையில் நெற்றி வைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். ஜனாஸாத் தொழுகை அப்படித்தான், நின்றே தொழுவது என்றார். இன்றைக்கு மட்டும் நீங்களும் மற்றவர்களும் ஒன்று என்று தோன்றியது. பிறகு என்ன பைத்தியக்காரத்தனமான நினைப்பு இது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பாதியில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். இப்போது விளக்கு வைக்கும் நேரம். காபி ஆறிக்கொண்டிருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டாக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்தார். மூட்டு போய்விட்டது என்றார். பேனாவை மூடினார். கேட்டுவிட்டார்: "ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன எதிர்பார்க்கிறீங்க ஐயா?"

கை தானாகக் கட்டிக்கொண்டது. நடந்தா போதும் டாக்டர் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. உங்கள் முதுகு நினைவுக்கு வந்தது. கையைப் பிரித்துக்கொண்டு, "ஓடுற பஸ்ஸில கம்பியைப் பிடிக்காம நிக்கணும்," என்றேன். என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "படியில நல்லா ஏறலாம். பிடிக்காம நிக்கிறதுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விழுந்தா மூட்டு நழுவிடும்," என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது பிடித்திருந்தது.

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்காதே. "இன்னொண்ணு டாக்டர். தரையில நெத்தி வச்சுத் தொழணும்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன்.

"அந்த டிரைவர் பாயா? ஒரு நாளும் அவர் கேக்கலையே. எப்ப வந்தாலும் நல்லா இருக்கேன், நடக்கிறேன்னுதான் சொல்வார்," என்றார்.

"கீழ உக்காரக் கூடாது, குனியக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினீங்களே?"

"முதல் சில மாசத்துக்கு எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வோம். அதுக்கப்புறம் ஆளைப் பொறுத்தது. எந்த மூட்டு, எப்படி வச்சிருக்கோம், சதை எவ்வளவு பலமா இருக்கு, எல்லாத்தையும் பாத்துச் சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கி விடுவோம். சிலருக்குக் கடைசி வரைக்கும் வேண்டாம்னுடுவோம். கேட்டாத்தானே பாக்க முடியும்?"

"அவருக்கு முடிஞ்சிருக்குமா?"

"படத்தைப் பாக்காம இப்ப எப்படிங்க சொல்றது? முடிஞ்சிருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம்," என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது காவிரிப் பாலத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பாலத்தில் மராமத்து நடந்தபோது நம் பஸ்ஸை நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். வேலை முடிந்து பாலத்தைத் திறந்த பிறகும் நீங்கள் சுற்றியே ஓட்டினீர்கள். "எல்லா வண்டியும் பாலத்துல போகுதே பாய்," என்று நான் கத்தினேன். பயணிகளும் கத்தினார்கள். "டிப்போவுல எனக்கு யாரும் சொல்லலையே," என்று நீங்கள் பாட்டுக்குச் சுற்றினீர்கள். மேலாளர் நேரில் வந்து சொன்ன பிறகுதான் பாலத்தில் ஏற்றினீர்கள். டிப்போவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இன்று ஆட்டோவில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகாதே என்றார்கள், போகவில்லை. எதுவரைக்கும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஒருவேளை பாதை திறந்தே இருந்திருக்கும். ஒருவேளை உங்களுக்கு அது கடைசிவரை மூடியேதான் இருந்திருக்கும். எது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, பாய். அந்த மூட்டும் உங்களோடு மண்ணுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை சேர்கிறேன் என்றேன். சந்தோஷப்பட்டாள். காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்ததையும் கேட்டுவிட்டேன்: "தலையணை நடுவுல அத்தர் வாசனை வருதேம்மா?"

"அது கால் சரியானதுக்கு அப்புறம் அத்தா வேற மாதிரி வச்சுக்கிட்டாங்க மாமா. வீட்ல தொழும்போது கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, கட்டில் மேல இதை வச்சு, அத்தர் பூசிக்கிட்டு நெத்தியை இதுல வைப்பாங்க. அப்படியெல்லாம் வைக்கத் தேவையில்லைன்னு ஹஜரத் சொன்னார். அத்தா கேக்கல. நெத்தி எங்கேயாவது படணும்மான்னு சொல்வாங்க," என்றாள்.

டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இன்று ராத்திரி அவளும் அவள் அம்மாவும் தூங்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டது சரிதானா என்றும் தெரியவில்லை. "போனை வச்சிடறேம்மா," என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் திருப்தியாக இருந்தீர்களா என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆற்றைப் பார்த்துவிட்டு வந்த அந்த முகமும் பொய்யில்லை. பள்ளிவாசலில் தனியாகத் தெரிந்த அந்தத் தலையும் பொய்யில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. என்னையும் ஒருநாள் அந்தப் பெண் போனில் கூப்பிட்டு திருப்தியா என்று கேட்பாள். நான் என்ன கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பதில் சொல்வேன். நீங்கள் கேட்க வேண்டியதையும் நான் கேட்டுவிட்டேன் பாய். காலம் தாழ்ந்துதான் கேட்டேன்.

உறையைக் கழற்றித் துவைத்துவிடட்டுமா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். வேண்டாம் என்றேன். கால்களுக்கு நடுவே வைக்க ஆஸ்பத்திரியில் வேறு ஒன்று கொடுப்பார்கள். இதை என் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருக்கிறேன், உங்கள் நெற்றி பட்ட பக்கம் மேலே இருக்கும்படி.